இடது முன்பட்டை

செம்மேடு
10.06.2007

அன்புள்ள தனபால் மாமாவுக்கு,

உங்க அக்கா மகள் மோனிஷா எழுதுகிறேன். நாங்கள் மூன்று பேரும் சுகம். காலில் கம்பி வைத்த இடத்தில் வீக்கம் வத்திவிட்டதா, சங்ககிரித் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா என்று அம்மா கேட்கச் சொன்னார்கள். கேட்டுவிட்டேன். இனி என் விஷயம்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைக்காதீங்க. போன் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் "மாமா" என்று வாயைத் திறந்தாலே அவர் பேப்பரை மடித்துக் கீழே வைக்கிறார். "வண்டியக் கவுத்தவன் பேச்சு இந்த ஊட்டுல வேண்டாம்" என்கிறார். ஆபீஸில் பைல் புரட்டுகிறவருக்கு ஸ்டியரிங் பிடிக்கிறவர் கஷ்டம் என்ன தெரியும்?

நேற்று சந்தையில் உங்க முதலாளி சென்னியப்பனைப் பார்த்தேன். டீக்கடையில் நாலு பேருக்கு நடுவே நின்று, "தனபாலு தூங்கியிருப்பான், இல்லாட்டி தண்ணியப் போட்டிருப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தக்காளிப் பையை அப்படியே கீழே வைத்துவிட்டு நேராகப் போனேன்.

"ஏனுங்க, எங்க மாமா டீயவே பாதி டம்ளர்தான் குடிப்பாரு. தண்ணி போட்டத நீங்க பாத்தீங்களா?"

"நீ யாரு கண்ணு?"

"அவரோட அக்கா புள்ளைங்க."

"அப்ப ரோசம் வரத்தான் செய்யும். பட்டை முறிஞ்சு போச்சுங்கறான் உன்ர மாமன். எந்தப் பட்டை? எங்க இருக்குது? வண்டியே காயலாங்கடையில துண்டு துண்டாப் போயிருச்சு. சாட்சி வேணுமில்ல சாமி?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது மாமா.

ஆஸ்பத்திரியில் நீங்க சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். மாசி மாதம், மரவள்ளிக் குச்சிக்கிழங்கு லோடு, மலை அடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும்போது இருபத்து மூன்றாவது வளைவு. நாலு நாள் முன்னால்தான் காரவள்ளிப் பட்டறைக்காரர் அர்த்தனாரி இடது முன்சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங் அடுக்கில், எல்லாவற்றிலும் நீளமான மெயின் பட்டையை மாற்றிப் போட்டார். அது முறிந்தது. வண்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு போய், கைப்பிடிச் சுவரை உடைத்து, பள்ளத்தில் ஒரு மரத்தில் சாய்ந்தது. தப்பு பட்டறைக்காரருடையது. தண்டனை உங்களுக்கு!

தை மாதம் லாரிச் சங்கத்தில் இதை விசாரிக்கப் போகிறார்களாம். பட்டைதான் காரணம் என்று முடிவானால் உங்களுக்குத் திரும்ப வண்டி கிடைக்கும். அர்த்தனாரி பட்டறைக்குச் சங்கத்து வண்டி ஒன்றுகூடப் போகாது. இல்லையென்றால் இந்த மலையில் யாரும் உங்க கையில் சாவி கொடுக்க மாட்டார்கள்.

சாட்சிதானே வேண்டும்? நான் செய்கிறேன். உங்க லாரியையே செய்யப் போகிறேன். பதினாலில் ஒரு பங்கு அளவு. ரிமோட்டில் ஓடும். பொம்மைக்கடை வண்டி மாதிரி சும்மா சக்கரம் மட்டும் இல்லை, நிஜப் பட்டை அடுக்கோடு. அந்தப் பட்டையை முறித்து, என்ன ஆகிறது என்று அவர்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன். சத்யா அக்காவின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ரிமோட் லாரி செய்கிறவர்கள் கூடும் ஒரு இண்டர்நெட் மன்றத்தில் சேர்ந்துவிட்டேன். அங்கே என் பேர் "கொல்லிமலை லாரி".

உங்க வண்டியின் அளவெல்லாம் உடனே எழுதி அனுப்புங்க.

கோபத்துடன் (உங்க மேல் இல்லை),
மோனிஷா


சங்ககிரி
24.06.2007

கண்ணு மோனிஷாவுக்கு மாமன் எழுதுவது.

நல்லா இருக்கிறேன். கால் பரவாயில்லை. இங்கே ஒரு லாரி ஷெட்டில் தார்ப்பாய், கயிறு எல்லாம் பார்த்துக்கொள்கிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். அக்காவை மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடச் சொல். மச்சான் கோபப்படுவதில் தப்பில்லை, அவரோடு மல்லுக்கு நிற்காதே.

சந்தையில் போய்ச் சண்டை பிடிக்கலாமா? பிளஸ் டூ படிக்கிற பிள்ளை. நடந்தது நடந்துவிட்டது.

அளவு கேட்டாய். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையில் பதினாலு அடிக்கு ஒரு சாண் குறைவு. முன்னால் ஒவ்வொரு பக்கமும் ஒன்பது பட்டை. அதோடு முதலாளி பாரத்துக்காகச் சேர்த்த கூடுதல் பட்டை ஒன்று. பின்னால் பன்னிரண்டு. கேபின் நீலம், கதவில் வெள்ளைக் கோடு. ஹெட்லைட்டுக்குக் கீழே இடது பக்கம் ஒரு நசுங்கல் உண்டு, அது வேண்டுமானால் செய், வேண்டாமென்றால் விடு.

விளையாட்டாகச் செய் கண்ணு. சங்கம் கிங்கமெல்லாம் உனக்கு வேண்டாம்.

மாமன்,
தனபால்


செம்மேடு
05.08.2007

அன்புள்ள மாமாவுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவுக்குச் சளி, மாத்திரையை ஒளித்து வைக்கிறார்கள். நீங்க நடக்க ஆரம்பித்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாடிப்படி ஏறாதீங்க.

நசுங்கலையும் செய்துவிட்டேன்!

சட்டம், ஜன்னல் கதவுக்குப் போடுகிற அலுமினியச் சேனல். டயர், அப்பாவின் பழைய ஹவாய் செருப்பு (அவருக்கு இன்னும் தெரியாது). கேபின், விளம்பர போர்டு செய்கிற பிளாஸ்டிக் அட்டை. பட்டைக்குத்தான் ஒரு மாதம் ஓடிவிட்டது. தகரம் வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடுகிறது. ஆக்சா பிளேடு வளைக்கும்போதே ஒடிகிறது. கடைசியில் உரக்கடையில் மரப்பெட்டி கட்டி வருகிற இரும்பு நாடா கிடைத்தது. அழுத்தினால் வளைகிறது, விட்டால் எழும்புகிறது. நீளவாக்கில் கிழித்து, நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றைவிட ஒன்று குட்டையாக வெட்டி, சென்டர் போல்ட்டுக்கு ஒரு குட்டி ஸ்குரூ. அச்சோடு சேர்த்துக் கட்ட சைக்கிள் ஸ்போக்ஸை யூ மாதிரி வளைத்தேன். விரலில் நாலு வெட்டு.

நீங்க சொன்னபடியே முன்னால் பத்து, பின்னால் பன்னிரண்டு. பெருமையோடு போட்டோ எடுத்து மன்றத்தில் போட்டேன். சத்யா அக்காவின் கம்ப்யூட்டரில் ஒரு போட்டோ ஏற முக்கால் மணி நேரம் ஆனது. அதற்கு அமெரிக்காக்காரர் ஒருவர் எழுதுகிறார்: இது வண்டியா, பலகையா? இரண்டு பட்டை போதும், மீதியை அட்டையில் வெட்டி ஒட்டிக்கொள், பார்க்க நிஜம் மாதிரியே இருக்கும் என்று!

அட்டைப் பட்டையாம் மாமா! நாமக்கல் பக்கம் வந்து ஒரு டிரைவரிடம் இதைச் சொல்லிவிட்டு உயிரோடு போகட்டும் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் திரட்டிப் பதில் எழுதினேன். அதற்கு அந்த ஆள் ஒரு சிரிப்புப் படம் மட்டும் போட்டார். எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் அவர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கையால் தள்ளிப் பார்த்தால், ஒரு கல்லில் ஏறினாலே வண்டி மொத்தமும் தூக்கிப் போட்டது. பட்டை அசையவே இல்லை. யோசித்தேன். காலி லாரியை வைத்து யாராவது பட்டையைக் குறை சொல்வார்களா? தொட்டியில் ஆறு கிலோ மணலைக் கட்டி வைத்தேன். அவ்வளவுதான்! பத்தும் படிந்து, பட்டை முனையில் தொங்குகிற ஷேக்கிள் ஆடி, நீங்க வளைவில் இறக்குகிற மாதிரியே குனிந்து நிமிர்ந்தது. ஒரு பட்டையைக்கூடக் கழற்றவில்லை.

இனி ஓட வைக்க வேண்டும். ஒரு நல்ல ரிமோட்டும், ஸ்டியரிங் திருப்ப ஒரு சர்வோ மோட்டாரும் இல்லாமல் முடியாது. சென்னையில் கிடைக்குமாம். உங்களுக்குத் தெரிந்த டிரைவர் யாராவது போவார்களா?

வெற்றியை நோக்கி,
மோனிஷா


சங்ககிரி
20.08.2007

கண்ணு மோனிஷாவுக்கு,

சுகம்தான். அக்காவுக்குத் துளசியும் மிளகும் வைத்துக் கொடு.

இந்தக் கடிதத்தோடு பார்சல் வரும். சென்னைக்கு லோடு போன பையனிடம் நீ எழுதிய பேரைத் தாளில் எழுதிக் கொடுத்தேன். கடைக்காரன் "ஏரோப்ளேன் விடவா?" என்று கேட்டானாம். "லாரி விட" என்றானாம்.

விரலில் வெட்டு என்று எழுதியிருந்தாய். துணி சுற்றிக்கொண்டு வேலை செய். பட்டை அடுக்கு சரியாக வந்துவிட்டது என்று எழுதியதைப் படித்து ஷெட்டில் இருக்கிறவர்களிடம் காட்டினேன். யாரும் நம்பவில்லை.

ஒன்று சொல்கிறேன். அவ்வளவு பாடுபட்டுச் செய்துவிட்டு அதை எதற்கு முறிக்க வேண்டும்? நல்லா இருக்கிற வண்டி. ஓட்டிச் சந்தோஷப்படு. போதும்.

தனபால்


செம்மேடு
23.09.2007

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம் சுகம் சுகம். ஓடுகிறது!!!

எங்கள் வாசலில் இருந்து யூனியன் ஆபீஸ் கேட் வரைக்கும் ஓட்டினேன். நாய் ஒன்று துரத்தியது. அப்பா ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார், வீட்டுக்கு வந்து "அது என்ர செருப்பா?" என்று மட்டும் கேட்டார். அவர் இளகுகிறார் மாமா!

இனி முக்கியமான விஷயம். சும்மா இருந்து நியாயம் கிடைக்குமா? சத்யா அக்காவிடம் டைப் செய்து முப்பது நோட்டீஸ் எடுத்தேன். "மலை ஏறும் டிரைவர்களே, காரவள்ளி அர்த்தனாரி பட்டறையில் பட்டை மாற்றாதீர்கள்! ஒரு டிரைவரின் கால் போனது போதும்!" பஸ் ஸ்டாண்டிலும் சந்தைச் சுவரிலும் ஒட்டினேன். போன வாரம் அம்மாவோடு நாமக்கல் போனபோது காரவள்ளியில் இறங்கி நேராகப் பட்டறைக்கே போனேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தும் கேட்கவில்லை.

பட்டறை காலியாக இருந்தது. ஒரு வண்டியும் நிற்கவில்லை. அர்த்தனாரி என் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது நீ ஒட்டினதா?"

"ஆமாங்க. உங்க பட்டை முறிஞ்சதாலதானுங்க எங்க மாமா தார்ப்பாய் மடிச்சுட்டுக் கெடக்கறாரு."

"முறிஞ்சதா. சரி. எந்தப் பட்டை?"

"இடது முன்பட்டைங்க. நீங்க போட்ட மெயின் பட்டை."

"வண்டி எந்தப் பக்கம் போச்சு?"

"வலது பக்கமுங்க. பள்ளத்துப் பக்கம்."

அந்த ஆள் சிரித்தார் மாமா. வாய்விட்டுச் சிரித்தார். "லாரி செய்யறயாமே? மலையெல்லாம் பேச்சா இருக்குது. அதுல இடது பட்டைய முறிச்சு ஓட்டிப் பாத்துட்டு, அப்பறமா வந்து எங்கிட்ட எகிறு கண்ணு. அதுவரைக்கும் உன்ர பசையும் தாளும் வேற செவுத்துல ஒட்டு."

திமிர் எவ்வளவு பாருங்க! செய்த தப்புக்கு ஒரு வருத்தம்கூட இல்லை. கட்டாயம் முறித்துக் காட்டுகிறேன்.

கொதிப்புடன்,
மோனிஷா


சங்ககிரி
01.10.2007

மோனிஷாவுக்கு,

அந்த நோட்டீஸை எல்லாம் கிழித்துவிடு. அர்த்தனாரிகிட்டே இனிமேல் போகாதே. எனக்கு அது பிடிக்கவில்லை.

வண்டி ஓடுகிறது என்று படித்து நிறைய சந்தோஷம்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

தனபால்


செம்மேடு
18.11.2007

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மழை விடவே இல்லை. உங்களுக்குக் கால் குத்துகிறதா என்று அம்மா கேட்கிறார்கள். தீபாவளிக்கு வருவீங்க என்று பார்த்துக்கொண்டே இருந்தோம்.

நீங்க பெரிய மனசோடு நோட்டீஸைக் கிழிக்கச் சொன்னீங்க. நான் கிழிக்கவில்லை. இப்படி விட்டுக் கொடுத்துக் கொடுத்துத்தான் உங்களை எல்லோரும் ஏறி மிதிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அரைப் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் சோதனை செய்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் தார் போட்ட ஒரு சரிவு இருக்கிறது. நடுவில் சுண்ணாம்பில் நேர்க்கோடு போட்டேன். இடது மெயின் பட்டையைச் சக்கரத்துக்கு முன்பக்கம் பாதி அறுத்து வைத்தேன், ஓடும்போது தானாக முறிகிற மாதிரி. ஆறு கிலோ மணல். விட்டேன். முறிந்தது. வண்டி கோட்டைவிட்டு விலகியது.

இடது பக்கம்.

ஸ்டியரிங் கோணல் என்று நினைத்தேன். சரி செய்து, புதுப் பட்டை போட்டு, மறுபடி விட்டேன். இடது பக்கம். மணலை மாற்றிக் கட்டினேன். சரிவில் வேறு இடத்தில் விட்டேன். பிரேக்கோடு, பிரேக் இல்லாமல். மொத்தம் நாற்பது தடவை மாமா. உரக்கடையில் இரும்பு நாடாவே தீர்ந்துவிட்டது. நாற்பது தடவையும் இடது பக்கம்தான்.

ஏன் என்றும் புரிந்துவிட்டது. மெயின் பட்டைதான் அச்சை முன்னே பின்னே நகரவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. இடது பக்கம் முறிந்தால் இடது சக்கரம் பின்னால் தள்ளிக்கொள்ளும். வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பும். மன்றத்திலும் கேட்டேன். அந்த அமெரிக்காக்காரரும் அதையே சொல்கிறார்.

இருபத்து மூன்றாவது வளைவில் இறங்கும்போது இடது பக்கம் பாறை. பட்டை முறிந்திருந்தால் நீங்க பாறையில் உரசி நின்றிருப்பீங்க. பள்ளத்துக்குப் போயிருக்கவே முடியாது.

நீங்க பக்கத்தை மாற்றிச் சொல்லிவிட்டீங்களா? வலது பட்டை முறிந்ததா? ஆனால் அர்த்தனாரி மாற்றியது இடதுதானே? ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் சொன்னதால் குழப்பமா? எனக்குச் சரியாக எழுதுங்க. கூட்டம் ஜனவரி இருபதாம் தேதி. யாரிடமும் இதைக் காட்டவில்லை.

மோனிஷா


செம்மேடு
16.12.2007

மாமாவுக்கு,

சுகமா.

நாலு வாரம் ஆகிவிட்டது. போஸ்ட்மேன் என்னைப் பார்த்தாலே தூரத்தில் இருந்தே கையை ஆட்டிவிட்டுப் போகிறார். பார்சல் அனுப்பத் தெரிந்தவருக்கு, அளவு எழுதத் தெரிந்தவருக்கு, ஆமாம் இல்லை என்று ஒரு கார்டு போடத் தெரியாதா?

நோட்டீஸைக் கிழித்துவிட்டேன். முப்பதில் பதினெட்டுதான் கிடைத்தது. படித்தவர்கள் தலையில் இருந்து எப்படிக் கிழிக்கிறது என்று நீங்களே எழுதுங்க.

மோனிஷா


சங்ககிரி
23.12.2007

கண்ணு,

எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பட்டை முறியவில்லை. அர்த்தனாரி போட்ட பட்டை நன்றாகத்தான் இருந்தது. பள்ளத்தில் விழுந்த பிறகு எல்லாம்தான் முறிந்தது.

மேலே இருந்தே நியூட்ரலில் விட்டேன். இஞ்சினையும் அணைத்தேன். டீசல் மிச்சம் பிடிக்க மலையில் இறங்குகிற பாதிப்பேர் செய்கிறதுதான். நான் செய்யமாட்டேன் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொள்கிறவன். அன்று செய்தேன். அன்று மட்டுமில்லை, நிறைய நாள். இஞ்சின் ஓடாமல் இருந்தால் பிரேக்குக்குக் காற்று ஏறாது. வளைவுக்கு வளைவு மிதித்து மிதித்துக் காற்று தீர்ந்துவிட்டது. இருபத்து மூன்றில் மிதித்தேன், கல்லை மிதித்த மாதிரி இருந்தது. கியரைத் திரும்பப் போடப் பார்த்தேன், விழவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கண் திறந்ததும் முதலில் நின்றது நீ. அழுதுகொண்டே, "பட்டை முறிஞ்சு போச்சா மாமா? அந்தப் புதுப் பட்டைதானே?" என்று கேட்டாய். நாலு நாள் முன்னால்தான் அதை மாற்றின கதையை உனக்குச் சொல்லியிருந்தேன். நான் தலையை ஆட்டினேன். அன்று அவ்வளவுதான் செய்தேன். அடுத்த நாள் ஆஸ்பத்திரி முழுக்க அதைத்தான் பேசினார்கள். வாய் திறந்து மறுக்க நேரம் இருந்தது. மறுக்கவில்லை, கேட்டவர்களிடம் நானும் அதையே சொன்னேன்.

நீ லாரி செய்யப் போகிறேன் என்றதும் பயந்தேன். அளவு கேட்டபோது பொய் அளவு எழுதலாமா என்றுகூட நினைத்தேன். கை வரவில்லை.

மச்சானிடம் காட்டாதே. இல்லை, காட்டு.

தனபால்


செம்மேடு
30.12.2007

மாமா,

நியூட்ரலில் விட்டதுக்கு எனக்குக் கோபம் இல்லை. கேட்டுக்கோங்க. பயம்தான் வருகிறது, நீங்க செத்திருப்பீங்களே என்று.

கோபம் எதற்குத் தெரியுமா? பட்டறைக்கு நான் போன கதையை உங்களுக்கு எழுதினேன். காலியாக இருந்தது, ஒரு வண்டியும் நிற்கவில்லை என்று எழுதினேன். படித்தீங்க. படித்துவிட்டு "எனக்கு அது பிடிக்கவில்லை" என்று ஒரு வரி எழுதினீங்க! பிடிக்கவில்லையாம்! ஏழு மாதமாக நான் டீக்கடையில் கத்தினேன், மன்றத்தில் கத்தினேன், அப்பாவிடம் கத்தினேன், ஒன்றும் செய்யாத ஒரு மனுசன் முகத்துக்கு நேராக நின்று கத்தினேன். நீங்க சங்ககிரியில் உட்கார்ந்து எனக்கு ரிமோட் வாங்கி அனுப்பினீங்க.

அந்தக் கேள்வியை நான்தான் கேட்டேன் என்று எழுதியிருக்கீங்க. ஆமாம், கேட்டேன். எதையும் முழுசாகத் தெரிந்துகொள்ளாமல் முதலில் கத்துகிறவள் நான். அது என் தப்பு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். நேற்றுப் பட்டறைக்குப் போய், தப்பு என் மேல் என்று சொல்லிவிட்டு வந்தேன். உங்க பேரை எடுக்கவில்லை. அர்த்தனாரி சுத்தியலை நிறுத்தவே இல்லை. "எனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? சங்கத்துல இருக்கறவனுக்குத் தெரியோணும்" என்றார்.

ஜனவரி இருபது, காலை பத்து மணி, செம்மேடு. வண்டியோடு நான் இருப்பேன். நீங்க வந்து உங்க வாயால் சொல்லணும். வரவில்லையென்றால் நான் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டிக் காட்டுவேன். எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பாவிடம் கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். அப்புறம், "பஸ்ஸுல வரச் சொல்லு, அந்தக் கால வெச்சுட்டு நடக்க வேண்டாம்" என்றார்.

மோனிஷா


சங்ககிரி
22.01.2008

கண்ணு மோனிஷாவுக்கு,

மாமன் வந்து சேர்ந்துவிட்டேன். கால் வீங்கியிருக்கிறது, ஒத்தடம் கொடுத்தால் சரியாகிவிடும். அக்காவிடம் சொல்லாமல் கிளம்பியதுக்கு மன்னிக்கச் சொல். சங்கக் கூட்டம் முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய் பஸ் ஏறிவிட்டேன். உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

பொம்பளைப் பிள்ளைக்கு உள்ளே வேலையில்லை என்று உன்னை வாசலில் நிறுத்தின ஆளிடம் நீ போட்ட சத்தம் உள்ளே எல்லோருக்கும் கேட்டது. "அந்தப் பொண்ண உள்ளயே விட்ருங்கப்பா, காது கிழியுது" என்று ஒருத்தர் சொன்னார். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் உள்ளே நடந்ததை எழுதுகிறேன்.

சென்னியப்பன் முதலில் எழுந்து பேசினார். அவர் முடிக்கும் முன்னாலேயே நான் எழுந்து நின்றேன். பட்டை முறியவில்லை, நியூட்ரலில் விட்டேன், இஞ்சின் அணைத்திருந்தது என்று சொன்னேன். மூன்று வாக்கியம்தான். முப்பது நாற்பது டிரைவர்கள் இருந்தார்கள் கண்ணு. ஒருத்தரும் என்னைத் திட்டவில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அது ஏன் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

சென்னியப்பன், "நான் அப்பவே சொன்னனில்ல" என்றார். டீசல் மிச்சம் பிடிக்கிற டிரைவர்தான் நல்ல டிரைவர் என்று வருசம் முழுக்கச் சொன்னவர் அவர்தான். அதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தது என் கை.

தலைவர் கேட்டார், "ஒரு வருசமா வாய மூடிட்டு இருந்துட்டு இப்ப எதுக்குடா வந்து சொல்ற?"

"என்ர அக்கா புள்ள நாப்பது தடவ அந்த வண்டிய ஓட்டிப் பாத்துட்டாளுங்க. வெளிய வாசல்ல வெச்சுட்டு உக்காந்திருக்கறா. நாப்பத்தி ஒண்ணாவது தடவ ஓடறதப் பாக்க எனக்குத் தெம்பில்லீங்க" என்றேன்.

அப்போதுதான் அர்த்தனாரி எழுந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். என்னைப் பார்க்கவே இல்லை. கூட்டத்தைப் பார்த்து, "பதினோரு மாசம். இத்தன பேர் இருக்கீங்க. ஒருத்தராச்சும் வந்து, அர்த்தனாரி, நீ என்னப்பா சொல்றேன்னு கேட்டீங்களா? ஒரு பொம்ம லாரி வந்து கேக்கோணுமா?" என்றார். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சங்கத்து வண்டிகள் பழையபடி அவர் பட்டறைக்குப் போகலாம் என்று எழுதினார்கள். எனக்கு இந்த மலையில் யாரும் வண்டி கொடுக்கக் கூடாது என்று எழுதினார்கள். இரண்டிலும் நான் கையெழுத்துப் போட்டேன். இதற்காக நீ யாரோடும் சண்டைக்குப் போகாதே. இது சரிதான்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் இடம் கிடைத்தது. எனக்குத் தெரிந்த பையன்தான், ஆனால் என்னைக் கவனிக்கவில்லை. எழுபது வளைவும் இரண்டாவது கியரிலேயே இறக்கினான். இஞ்சின் கத்திக்கொண்டே வந்தது. எனக்கு முன்னால் பெடல் எதுவும் இல்லை, தகரத் தரைதான். தெரிந்தும் ஒவ்வொரு வளைவுக்கும் என் கால் தானாக அந்தத் தரையை மிதித்தது. பக்கத்தில் இருந்த அம்மா, "என்னங்க, கால் வலிக்குதுங்களா?" என்று கேட்டார்கள். ஆமாங்க என்றேன். காரவள்ளி வரும் வரைக்கும் மிதித்துக்கொண்டே வந்தேன்.

மாமன்,
தனபால்